மேகக் கணிமைக்கு நிறுவனங்கள் மாறிய வரலாறு

முன்னுரை

ஒரு நிறுவனம் தனக்குத் தேவையான கணினித் திறன், சேமிப்பு இடம், மென்பொருள் ஆகியவற்றைச் சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்ளாமல், இணையத்தின் வழியாக வேறொருவரிடம் வாடகைக்குப் பெற்றுப் பயன்படுத்துவது மேகக் கணிமை எனப்படும். பயன்படுத்திய அளவுக்குப் பணம் செலுத்தினால் போதும். தேவை கூடினால் உடனே கூடுதலாகப் பெறலாம், குறைந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பெயரைக் கேட்டதும் மாணவர்கள் வானத்தை நினைப்பதுண்டு. பொறியாளர்கள் பிணைய வரைபடம் வரையும்போது, உள்விவரம் காட்டத் தேவையில்லாத பகுதியை ஒரு மேகத்தின் வடிவில் வரைவது வழக்கம். அந்தப் படமே பெயராக நிலைத்தது. உண்மையில் மேகக் கணிமையில் எல்லாம் தரையில்தான் இருக்கிறது. தரவு மையங்கள் என்னும் பெரிய கட்டடங்களில், குளிரூட்டப்பட்ட கூடங்களில், ஆயிரக்கணக்கான சர்வர் கணினிகள் இரவும் பகலும் இயங்குகின்றன.

கணினி வேறு இடத்துக்குப் போனது இந்த மாற்றத்தின் வெளித்தோற்றம் மட்டுமே. நிறுவனங்கள் வேலை செய்யும் முறையையும், செலவுக் கணக்கையும், பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளும் விதத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. அதைச் செய்தவர்கள் பயனடைந்தார்கள். செய்யாதவர்கள் பாடம் கற்றார்கள். அந்த வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது.

நேரப் பகிர்வுக் காலம்

கணினியை வாடகைக்கு எடுக்கும் எண்ணம் புதியதன்று. 1960களின் தொடக்கத்தில் ஒரு கணினியின் விலை மிக அதிகம். அதை வைக்கத் தனி அறை வேண்டும். பராமரிக்கத் தனி ஆட்கள் வேண்டும். ஒருவர் சிந்தித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அவ்வளவு விலையுயர்ந்த இயந்திரம் சும்மா இருப்பது வீண் என்று ஆய்வாளர்கள் கருதினர். பலர் ஒரே கணினியில் ஒரே சமயத்தில் வேலை செய்யும் நேரப் பகிர்வு முறை இவ்வாறு பிறந்தது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழு 1961 நவம்பரில் இம்முறையைச் செய்து காட்டியது. அதே ஆண்டு, அக்கழகத்தின் நூற்றாண்டு விழாவில் பேசிய ஜான் மெக்கார்த்தி, தொலைபேசியைப் போலக் கணிப்பணியும் ஒருநாள் பொதுச் சேவையாக வழங்கப்படலாம் என்ற கருத்தை முன்வைத்தார். 1965 முதல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனமும், அடுத்த ஆண்டு டைம்ஷேர் என்ற நிறுவனமும் கணினி நேரத்தை வணிகமாகவே விற்கத் தொடங்கின. வாடிக்கையாளர் தம் அலுவலகத்தில் ஒரு தட்டச்சு முனையத்தை வைத்து, தொலைபேசிக் கம்பி வழியாகத் தொலைவிலுள்ள கணினியைப் பயன்படுத்தினார். பயன்படுத்திய நேரத்துக்குப் பணம் கட்டினார்.

இந்த வணிகம் 1980களில் தேய்ந்தது. 1981-இல் ஐபிஎம் தன் தனிநபர் கணினியை வெளியிட்டது. கணினி மேசைமேல் வைக்கும் அளவுக்குச் சிறியதாகவும், ஓர் அலுவலகம் வாங்கக்கூடிய விலையிலும் கிடைத்தபோது, தொலைவிலுள்ள இயந்திரத்துக்கு மணிக்கணக்கில் வாடகை கட்ட யாரும் விரும்பவில்லை. வாடகையா சொந்தமா என்ற கேள்விக்கு அன்று 'சொந்தம்' என்பதே விடையாக இருந்தது.

சொந்த சர்வர் அறையின் சிக்கல்

1990களில் இணையம் பரவியதும் நிறுவனங்கள் தங்கள் கட்டடத்திலேயே சர்வர் அறைகளை அமைத்தன. அதில் ஓர் அடிப்படைச் சிக்கல் இருந்தது. எத்தனை சர்வர்கள் வாங்குவது?

நம் வீட்டுக் கல்யாணத்தை எண்ணிப் பார்க்கலாம். 500 பேருக்குச் சமைக்கும் அண்டாவை யாரும் சொந்தமாக வாங்கி வைப்பதில்லை. வாடகைப் பாத்திரக் கடையில் எடுத்து, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். நிறுவனங்களுக்கோ அப்படி ஒரு வாடகைக் கடை இல்லை. ஆண்டில் சில நாட்களே வரும் உச்சத் தேவையைக் கணக்கிட்டு சர்வர்களை வாங்கினார்கள். மற்ற நாட்களில் அவற்றில் பெரும்பகுதி சும்மா கிடந்தது. குறைவாக வாங்கியவர்களின் இணையதளமோ கூட்டம் வந்த நாளில் முடங்கியது. புதிதாக ஒரு சர்வர் வேண்டுமென்றால், ஒப்புதல் பெற்று, விலைப்புள்ளி கேட்டு, வந்ததும் நிறுவி முடிக்கப் பல வாரங்கள் ஆயின.

இதற்கு ஒரு பகுதித் தீர்வாக மெய்நிகராக்கம் வந்தது. ஒரே சர்வரைப் பல தனித்தனிக் கணினிகள்போல் இயங்கச் செய்யும் நுட்பம் இது. ஐபிஎம்மின் பெருங்கணினிகளில் முன்பே இருந்த இந்நுட்பத்தை, 1998-இல் தொடங்கப்பட்ட விஎம்வேர் நிறுவனம் சாதாரணக் கணினிகளுக்குக் கொண்டுவந்தது. ஓர் இயந்திரத்தை எளிதாகக் கூறுபோட முடிந்ததால், அந்தக் கூறுகளை வாடகைக்கு விடவும் வழி பிறந்தது.

மென்பொருள் முதலில் மாறியது

வாடகைக்கு வந்த முதல் பொருள் சர்வர் அல்ல, மென்பொருள். 1999-இல் மார்க் பெனியாஃப் மூன்று பொறியாளர்களுடன் சான் பிரான்சிஸ்கோவில் சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். விற்பனையாளர்கள் வாடிக்கையாளர் விவரங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருளை, குறுந்தகட்டில் விற்காமல், இணைய உலாவி வழியாக மாதக் கட்டணத்துக்கு அந்நிறுவனம் அளித்தது.

வாங்குபவர்களின் பழக்கமும் இதனால் மாறியது. அதுவரை ஒரு பெரிய மென்பொருளை வாங்குவது கணினித் துறைத் தலைவரும் நிதித் துறைத் தலைவரும் சேர்ந்து எடுக்கும் முடிவு. இப்போது ஒரு விற்பனைப் பிரிவின் மேலாளரே சில பேருக்கான கட்டணத்தைச் செலுத்திப் பயன்படுத்தத் தொடங்கலாம். ஆனால் வாடிக்கையாளர் பட்டியல் என்பது ஒரு நிறுவனத்தின் உயிர்நாடி. அதை வேறொருவரின் கணினியில் வைப்பதா என்ற அச்சம் பலரிடம் இருந்தது. அந்த அச்சம் பயன்பாட்டின் வழியாக மெல்ல மெல்லவே குறைந்தது.

2006: வாடகைக் கடை திறக்கிறது

இணையத்தில் புத்தகம் விற்றுப் பெயர்பெற்ற அமேசான், 2006 மார்ச் 14 அன்று எஸ்3 என்ற சேமிப்புச் சேவையைத் தொடங்கியது. ஒரு ஜிகாபைட் தரவை ஒரு மாதம் வைத்திருக்க 15 சென்ட் கட்டணம். அதே ஆண்டு ஆகஸ்டில் இசி2 என்ற கணினிச் சேவை சோதனை முறையில் வந்தது. ஒரு மெய்நிகர் கணினிக்கு ஒரு மணி நேர வாடகை 10 சென்ட். இசி2-இன் தொடக்கப் பணிகள் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் இருந்த ஒரு சிறு குழுவால் செய்யப்பட்டன.

பண்டிகைக் காலத்துக்காக வாங்கிய சர்வர்கள் மற்ற நாட்களில் சும்மா இருந்ததால் அமேசான் அவற்றை வாடகைக்கு விட்டது என்று ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. அந்நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவர் வெர்னர் வோகல்ஸ் இதை மறுத்துள்ளார். அது தனி வணிகமாகவே திட்டமிடப்பட்டது. எஞ்சிய சர்வர்களை மட்டும் நம்பியிருந்தால், அடுத்த பண்டிகைக் காலத்தில் வாடகைக்கு எடுத்தவர்களை என்ன செய்வது என்று யோசித்தாலே கதையின் ஓட்டை தெரிந்துவிடும்.

கூகுள் 2008 ஏப்ரலில் ஆப் எஞ்சின் என்ற சேவையை வெளியிட்டது. மைக்ரோசாஃப்ட் தன் அஷூர் சேவையை 2008 அக்டோபரில் அறிவித்து, 2010 பிப்ரவரியில் வணிகப் பயன்பாட்டுக்குத் திறந்தது. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2011 செப்டம்பரில் மேகக் கணிமைக்கு ஒரு வரையறையை வெளியிட்டு, சேவைகளை மூன்று வகையாகப் பிரித்தது. அவற்றைக் கல்யாண ஏற்பாட்டோடு ஒப்பிட்டு நினைவில் வைத்துக்கொள்ளலாம். மண்டபத்தை மட்டும் எடுத்து மற்ற எல்லாவற்றையும் நாமே செய்வது உட்கட்டமைப்புச் சேவை. அடுப்பும் பாத்திரமும் ஆயத்தமாக இருக்க, சமையலை மட்டும் நாம் செய்வது தளச் சேவை. சமைத்துப் பந்தி பரிமாறுவது வரை ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிடுவது மென்பொருள் சேவை.

ஆள்–நாள் கணக்கு

பள்ளியில் ஆள்–நாள் கணக்கு போட்டவர்களுக்கு மேகக் கணிமையின் ஒரு முக்கியப் பயன் எளிதில் விளங்கும். ஒரு கணினி 100 மணி நேரத்தில் முடிக்கும் வேலையைப் பிரித்துக் கொடுத்தால், 100 கணினிகள் ஒரு மணி நேரத்தில் முடிக்கும். சொந்தமாக வாங்குவதென்றால் 100 கணினிகளுக்கு 100 மடங்கு விலை. வாடகைக்கு எடுத்தால் இரண்டுக்கும் ஒரே செலவு.

2007-இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இதைச் செய்து காட்டியது. தன் பழைய இதழ்களிலிருந்து சுமார் 1.1 கோடி கட்டுரைகளை இணையத்தில் படிக்கத்தக்க கோப்புகளாக மாற்ற அது விரும்பியது. அமேசானிடம் 100 மெய்நிகர் கணினிகளை எடுத்து, சுமார் ஒரு நாளில் அவ்வேலையை முடித்தார்கள். மணிக்கு 10 சென்ட் வீதம் 100 கணினிகளுக்கு 24 மணி நேரம் என்று பெருக்கினால் 240 டாலர் வருகிறது. இதைச் சொந்த சர்வர்களில் செய்ய முயன்றிருந்தால், அனுமதி கேட்கும் கடிதங்களிலேயே பல நாட்கள் போயிருக்கும்.

நெட்ஃபிளிக்ஸின் ஏழாண்டுப் பயணம்

பெரிய நிறுவனம் ஒன்று முழுமையாக மேகத்துக்கு மாறியதற்கு அதிகம் எடுத்துக்காட்டப்படுவது நெட்ஃபிளிக்ஸ். 1997-இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், முதலில் திரைப்பட டிவிடிகளை அஞ்சலில் அனுப்பி வாடகைக்கு விட்டது. 2007-இல் இணையத்தில் படம் காட்டவும் தொடங்கியது.

2008 ஆகஸ்டில் அதன் முதன்மைத் தரவுத்தளம் பழுதடைந்தது. மூன்று நாட்கள் வாடிக்கையாளர்களுக்கு டிவிடி அனுப்ப முடியவில்லை. ஒரே இடத்தில் உள்ள ஒரே பெரிய தரவுத்தளத்தை நம்பியிருக்கும் வரை இது மீண்டும் நேரும் என்பதை உணர்ந்த நிர்வாகம், மேகத்துக்கு மாற முடிவெடுத்தது. தேர்ந்தெடுத்த இடமோ அமேசான். திரைப்பட வணிகத்தில் அமேசான் அதற்குப் போட்டியாளர் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

இருந்ததை அப்படியே தூக்கி அங்கே வைப்பது எளிய வழியாக இருந்திருக்கும். நெட்ஃபிளிக்ஸ் அதைச் செய்யவில்லை. அப்படிச் செய்தால் பழைய குறைகளும் கூடவே வரும் என்று கருதி, ஒரே பெரிய மென்பொருளாக இருந்ததை நூற்றுக்கணக்கான சிறு சேவைகளாகப் பிரித்துப் புதிதாக எழுதியது. ஒரு சேவை விழுந்தாலும் மற்றவை இயங்கும்படி அவை அமைக்கப்பட்டன. அதைச் சோதிக்க 'கேயாஸ் மங்கி' என்ற மென்பொருளையும் உருவாக்கினார்கள். குழப்பம் செய்யும் குரங்கு என்று அதற்குப் பொருள். வேலை நேரத்தில், இயங்கிக்கொண்டிருக்கும் கணினிகளில் ஏதாவது ஒன்றை அது தானாக நிறுத்திவிடும். பொறியாளர்கள் விழித்திருக்கும்போதே பழுதுகளைச் சந்தித்துப் பழகினால், நள்ளிரவில் உண்மையான பழுது வரும்போது அமைப்பு தாங்கும் என்பது அவர்களின் எண்ணம்.

ஆனாலும் அடி விழுந்தது. 2012 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மாலை, அமேசான் பணியாளர் ஒருவர் தவறுதலாகச் சில தரவுகளை நீக்கியதால், குடும்பங்கள் கூடிப் படம் பார்க்கும் நேரத்தில் நெட்ஃபிளிக்ஸ் பல வாடிக்கையாளர்களுக்கு முடங்கியது. அதன்பிறகு, ஒரு வட்டாரத்தின் தரவு மையங்கள் முழுவதும் நின்றாலும் வேறு வட்டாரத்திலிருந்து சேவை தொடரும்படி மாற்றினார்கள்.

கட்டணக் கணக்குகள் கடைசியாக மாற்றப்பட்டன. பணமும் வாடிக்கையாளரின் நம்பிக்கையும் சேர்ந்த பகுதி என்பதால் அதில் அவசரம் காட்டவில்லை. 2016 ஜனவரியில், தொடங்கி ஏழாண்டுகளுக்குப் பிறகு, மாற்றம் நிறைவுற்றது. அதே மாதத்தில் நெட்ஃபிளிக்ஸ் ஒரே நாளில் 130 நாடுகளுக்கும் மேல் விரிவடைந்தது. அத்தனை நாடுகளுக்கும் சொந்தத் தரவு மையங்களைக் கட்டிக்கொண்டிருந்தால் இது நடந்திராது. ஆனால் எல்லாவற்றையும் அது வாடகைக்கு எடுக்கவில்லை. படங்களைப் பார்வையாளருக்குக் கொண்டுசேர்க்கும் பணிக்கு, ஓப்பன் கனெக்ட் என்ற சொந்தப் பிணையத்தை 2012-இல் அறிவித்து, இணைய நிறுவனங்களின் இடங்களில் தன் பெட்டிகளையே நிறுவியது. எதை வாடகைக்கு எடுப்பது, எதைச் சொந்தமாக வைப்பது என்பதைப் பகுதி பகுதியாகப் பார்த்து முடிவெடுத்தார்கள்.

பொறுப்பு யாருடையது?

வீட்டை வாடகைக்குக் கொடுத்தவர் கூரையையும் சுவரையும் பார்த்துக்கொள்வார். கதவைப் பூட்டுவது குடியிருப்பவர் வேலை. மேகச் சேவையிலும் இதே பகிர்வுதான். கட்டடம், மின்சாரம், இயந்திரம் ஆகியவை வழங்குநர் பொறுப்பு. யாருக்கு எந்தச் சாவி, எந்தத் தரவுக்கு எத்தனை பிரதி என்பவை வாடிக்கையாளர் பொறுப்பு. இதை மறந்தவர்கள் பெரும் விலை கொடுத்தார்கள்.

2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் மேகக் கட்டுப்பாட்டுப் பக்கத்துக்குள் ஒருவர் நுழைந்து பணம் கேட்டு மிரட்டினார். நிறுவனம் கட்டுப்பாட்டை மீட்க முயன்றபோது, தரவுகளையும் காப்புநகல்களையும் அழித்தார். இரண்டும் ஒரே கணக்கில், ஒரே சாவிக்குள் இருந்தன. நிறுவனம் மூடப்பட்டது.

அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் வங்கி 2020-இல் தன் எல்லாத் தரவு மையங்களையும் மூடிவிட்டு முழுவதும் மேகத்துக்கு மாறியது. அதற்கு முந்தைய ஆண்டு, தவறாக அமைக்கப்பட்ட ஒரு பாதுகாப்பு வடிகட்டியின் வழியாக, அமெரிக்காவிலும் கனடாவிலும் 10 கோடிக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் திருடப்பட்டன. வங்கிக்கு 8 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. மேக நிறுவனத்துக்கு அல்ல, வங்கிக்கு.

வழங்குநர் பக்கத்திலும் தவறு நேர்ந்ததுண்டு. 2017 பிப்ரவரி 28 அன்று, அமேசான் பொறியாளர் ஒருவர் கட்டளை ஒன்றைப் பிழையாகத் தட்டச்சு செய்ததால், எண்ணியதைவிட அதிக சர்வர்கள் நிறுத்தப்பட்டன; எஸ்3 சேவை ஒரு வட்டாரத்தில் சுமார் நான்கு மணி நேரம் பாதிக்கப்பட்டது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று தீயில் முழுவதும் அழிந்தது. வேறு ஊரில் பிரதி வைத்திருந்தவர்கள் மீண்டார்கள்; மூலமும் பிரதியும் அதே வளாகத்தில் இருந்த சிலர் எல்லாவற்றையும் இழந்தார்கள்.

நான் பணியாற்றிய ஒரு பள்ளியில், ஒரே அலுவலகக் கணினியில் இருந்த மதிப்பெண் பட்டியல் வன்தட்டுப் பழுதால் அழிந்தது. கையால் எழுதிய பதிவேடு பீரோவில் இருந்ததால் அதைப் பார்த்து மீண்டும் தட்டச்சு செய்தோம். அந்தப் பதிவேடு எங்களுக்கு இரண்டாவது பிரதி. தரவு மேகத்துக்குப் போனாலும் இரண்டாவது பிரதியின் தேவை குறைவதில்லை.

செலவுக் கணக்கு மாறிய விதம்

முன்பு சர்வர் என்பது மூலதனச் செலவு. ஒருமுறை வாங்கி, ஆண்டுதோறும் தேய்மானம் கழிப்பார்கள். மேகக் கணிமையில் அது மின்கட்டணம்போல் மாதாந்திரச் செலவாயிற்று. கையில் முதல் இல்லாத புதிய நிறுவனங்களுக்கு இது பெரும் வரம். ஆனால் ஆளில்லாத அறையில் விசிறி ஓடுவதுபோல், யாரோ எடுத்து மறந்த கணினி ஓடிக்கொண்டே இருக்கும். மாத முடிவில் கட்டணச் சீட்டு அதிர்ச்சி தரும். எனவே மேகச் செலவைக் கண்காணிப்பதே பல நிறுவனங்களில் தனிப் பணியாயிற்று.

நிலையான பெரும் தேவை உள்ளவர்களுக்குச் சொந்த இயந்திரம் மலிவாகவும் அமையலாம். அமேசானின் எஸ்3-ஐ நம்பி வளர்ந்த டிராப்பாக்ஸ், பயனர் கோப்புகளில் 90 விழுக்காட்டுக்கும் மேலானவற்றைத் தன் சொந்த சர்வர்களுக்கு மாற்றிவிட்டதாக 2016 மார்ச்சில் அறிவித்தது. இரண்டு ஆண்டுகளில் இயக்கச் செலவு 7.46 கோடி டாலர் குறைந்ததாக, 2018-இல் பங்குச்சந்தைக்கு வரும்போது தாக்கல் செய்த ஆவணத்தில் அது தெரிவித்தது. 37சிக்னல்ஸ் என்ற மென்பொருள் நிறுவனமும் மேகத்தை விட்டு வெளியேறுவதாக 2022-இல் அறிவித்துச் சொந்த சர்வர்களுக்குத் திரும்பியது. எப்போதாவது கல்யாணம் நடத்தும் குடும்பத்துக்கு வாடகை அண்டா போதும். தினமும் 500 பேருக்குச் சமைக்கும் உணவகம் சொந்த அண்டா வாங்குவதே முறை.

இந்தியாவிலும் தமிழகத்திலும்

மைக்ரோசாஃப்ட் 2015 செப்டம்பரில் புனே, மும்பை, சென்னை ஆகிய இடங்களில் தரவு மையங்களைத் திறந்தது. அமேசான் 2016 ஜூனில் மும்பையில் தொடங்கியது. உள்நாட்டிலேயே தரவை வைக்கும் வசதி வந்தது, சட்டத் தேவைக்கும் உதவியது. பணப் பரிமாற்றத் தரவுகள் இந்தியாவில் மட்டுமே சேமிக்கப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் உத்தரவிட்டது. தரவு எந்த நாட்டில் இருக்கிறது என்பதும் நிறுவனங்கள் கணக்கில் கொள்ள வேண்டிய ஒன்றாயிற்று.

மேகத்தைப் பயன்படுத்துவதோடு நில்லாமல், மேக வழி மென்பொருளை உலகுக்கு விற்கும் நிறுவனங்களும் தமிழகத்தில் வளர்ந்தன. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கப்பட்ட நிறுவனம், 2005-இல் ஸோஹோ என்ற பெயரில் இணையவழி மென்பொருள்களை வெளியிட்டு, 2009-இல் ஸோஹோ கார்ப்பரேஷன் ஆயிற்று. 2010-இல் சென்னையில் ஃபிரெஷ்டெஸ்க் என்ற பெயரில் தொடங்கிய ஃபிரெஷ்ஒர்க்ஸ், 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் இடம்பெற்றது. ஸோஹோ தன் சேவைகளைச் சொந்தத் தரவு மையங்களில் இயக்குகிறது. ஃபிரெஷ்ஒர்க்ஸ் அமேசானின் மேகத்தின்மேல் வளர்ந்தது. ஒரே ஊரில், ஒரே தொழிலில், இரண்டு வழிகளும் வென்றுள்ளன.

முடிவுரை

நேரப் பகிர்வுக் காலத்தில் வாடகை, தனிநபர் கணினிக் காலத்தில் சொந்தம், 2006-க்குப் பின் மீண்டும் வாடகை, இப்போது சிலரிடம் மீண்டும் சொந்தம் என்று இந்த வரலாறு மாறி மாறி வந்துள்ளது. ஆகவே எல்லாக் காலத்துக்கும் எல்லா நிறுவனங்களுக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை.

இத்துறையில் வேலை தேடும் மாணவர்களும், தம் சிறு தொழிலை மேகத்துக்கு மாற்ற எண்ணுபவர்களும் மூன்று கேள்விகளை முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. நம் தேவை ஏறி இறங்குவதா, நிலையானதா? நம் கணக்கின் சாவி யார் யாரிடம் இருக்கிறது? இன்று இந்தத் தரவு அழிந்தால் இதன் பிரதி வேறு எங்கே இருக்கிறது? மேலே கண்ட வெற்றிகளிலும் தோல்விகளிலும் பெரும்பாலானவற்றை இந்த மூன்று கேள்விகளே முடிவு செய்திருக்கின்றன.